குடியாத்தம் பக்கம் நடந்த கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முகாம்: ஒரு தையல்காரியின் மதிப்புரை

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். குறைத்த அந்த ஒன்று பரிசோதனைக்காக இல்லை, அது முடிந்த பிறகு நடந்ததற்கும் நடக்காமல் போனதற்கும்தான்.

பிரியாணிக் கடைக்கும் மிக்சிக்கும் ஆளாளுக்கு மதிப்புரை எழுதுகிறார்கள். பெண்களுக்கான மருத்துவ முகாமுக்குப் போய் வந்தவர்கள் மட்டும் "போனேன், ஒண்ணுமில்லன்னுட்டாங்க" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறார்கள். அடுத்து போகலாமா என்று யோசிக்கிறவளுக்கு உள்ளே என்ன செய்வார்கள் என்றே தெரியாது. அந்த பயத்திலேயே பாதிப் பேர் வருவதில்லை. அதனால் விலாவாரியாகவே எழுதுகிறேன். கூச்சமாக இருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நான் குடியாத்தத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில் ஜாக்கெட், சுடிதார் தைக்கிறவள். எங்கள் மகளிர் குழுவின் கணக்கு நோட்டும் என்னிடம்தான். முகாமை மூன்று தரப்பு சேர்ந்து நடத்தியது. ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்று, வெளியூரில் இருந்து வேனில் வந்த மருத்துவமனைக் குழு ஒன்று, வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்த மகளிர் குழுக்கள் இன்னொன்று. மருத்துவமனை எது என்று எழுத மாட்டேன். குறைகளையும் சொல்லப் போகிறேன், பெயர் போட்டால் கடைசியில் திட்டு வாங்குவது அந்த நர்சுகள்தான்.

நாள் குறித்ததில் யாரோ புத்திசாலி இருந்திருக்கிறார். வைகாசி முதல் தேதி கங்கையம்மன் சிரசுத் திருவிழா. அதற்கு முந்தைய வாரங்களில் எங்கள் பக்கம் ஒரு பொம்பளையும் வேறு வேலைக்கு வர மாட்டாள். திருவிழா முடிந்து, உறவுக்காரர்கள் ஊர் திரும்பி, பள்ளிக்கூடம் இன்னும் திறக்காத நாளாகப் பார்த்து வைத்தார்கள். பள்ளிக்கூடத்து அறைகள் காலி, கழிப்பறையில் தண்ணீர் இருந்தது. வெயில்தான் தாங்கவில்லை. வேலூர் வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத்தான் விளக்க வேண்டும், விட்டுவிடுகிறேன். மோர் கொடுத்தார்கள், உப்பு சரியாக இருந்தது.

விளம்பரத்தில் சொதப்பினார்கள். பள்ளிக்கூட வாசலில் பெரிய ஃபிளெக்ஸ், அதில் ரத்தச் சிவப்பில் "புற்றுநோய்" என்று ஆள் உயர எழுத்து. அந்த வாசலுக்குள் நுழைகிற பெண்ணை டீக்கடை பெஞ்சில் இருக்கிறவன் பார்ப்பான், சாயங்காலத்துக்குள் அவளுக்கு அந்த நோய் என்று ஊரே முடிவு கட்டிவிடும். கிராம நர்சம்மா வந்ததும் முதல் வேலையாக அந்தத் தட்டியைச் சுருட்டி உள்ளே வைக்கச் சொன்னார். பி.பி., சுகர், மார்பகப் பரிசோதனை எல்லாவற்றையும் சேர்த்து "முப்பது வயசுக்கு மேல பொம்பளைங்களுக்கு முழு செக்கப்" என்று குழுவில் சொல்லச் சொன்னார். அதற்குப் பிறகுதான் வரிசை நீண்டது. ஊரை அறிந்தவர் ஒருவர் கூட இருப்பதால் என்ன லாபம் என்றால் இதுதான்.

பதிவு மேசையில் ஒரு பெண் டேப்லட்டை வைத்துக்கொண்டு வயது, கல்யாணம் ஆன வயது, குழந்தைகள், கடைசி மாதவிலக்கு தேதி எல்லாம் கேட்டாள். கேள்விகள் சரி, கேட்ட சத்தம் சரியில்லை. "உடலுறவுக்கு அப்புறம் ரத்தம் படுதா?" என்பதை வரிசையில் நிற்கும் பத்துப் பேருக்கும் கேட்கும்படி கேட்டால் யார் ஆமாம் என்பாள்? அவசியமாகக் கேட்க வேண்டிய கேள்விதான் அது. தாம்பத்தியத்துக்குப் பிறகு ரத்தம், இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் ரத்தம், மாதவிலக்கு நின்று போன பிறகு திரும்ப ரத்தம், நாற்றத்தோடு நீர் போவது, இந்த நாலில் ஒன்று இருந்தாலும் முகாமுக்குக் காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முகாம் என்பது எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கானது. இதை டாக்டர் பிறகு சொன்னார். பதிவு மேசையிலேயே மெதுவான குரலில் சொல்லியிருக்கலாம்.

இப்போது திரைச்சீலை. தையல்காரி என்பதால் இதில் கொஞ்சம் நேரம் நிற்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அறையை மறைக்க ஒரு கொடியில் இரண்டு திரை தொங்கவிட்டிருந்தார்கள். இரண்டும் நடுவில் சேரவில்லை, ஒரு கை அகலம் சந்து. துணி பாலியஸ்டர், வெளிச்சத்துக்கு எதிரே நின்றால் உருவம் தெரியும். ஃபேன் ஓடினால் பறக்கும். கீழ் மடிப்பில் கனமான பட்டை வைத்துத் தைத்திருந்தால் பறக்காது, ஒன்றின் மேல் ஒன்று அரை முழம் ஏறும்படி அகலம் விட்டிருந்தால் சந்தும் இருக்காது. நர்ஸ் ஒருத்தி ஊக்கு குத்திச் சமாளித்தாள். ஆனால் மாற்றிக்கொள்ளக் கொடுத்த பாவாடை அருமை. காட்டன், இடுப்பில் நாடா, பக்கவாட்டில் முழு நீளத்துக்குத் திறப்பு. புடவையை முழுக்க அவிழ்க்க வேண்டியதில்லை, மேல் துணி அப்படியே இருக்கும், இதைச் சுற்றிக்கொண்டு படுத்தால் முழங்கால் வரை மூடியிருக்கும். இதை வடிவமைத்தவள் நிச்சயம் ஒரு பெண். ஒவ்வொருவருக்கும் துவைத்து மடித்த புதிது ஒன்றைக் கொடுத்தார்கள், ஒருத்தி கட்டியதை இன்னொருத்திக்குத் தரவில்லை.

வரிசையில் எல்லார் வாயிலும் ஒரே கேள்வி: "லேடி டாக்டரா?" ஆமாம், உள்ளே இருந்தவர்கள் எல்லாருமே பெண்கள். இந்தக் கேள்விக்கு எங்கள் மாவட்டத்தில் வயது அதிகம். ஐடா ஸ்கடர் அம்மா டாக்டருக்குப் படிக்கப் போனதே இதனால்தான். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் பிரசவ வலியில் இருந்த மூன்று பெண்களுக்கு உதவி கேட்டு மூன்று கணவர்கள் வந்தார்கள். அவருடைய அப்பா டாக்டர்தான், ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூன்று பேரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் போய்விட்டார்கள். அவர் அமெரிக்கா போய்ப் படித்துத் திரும்பி 1900-இல் வேலூரில் சின்னதாக மருத்துவம் பார்க்க ஆரம்பித்து, 1918-இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். அதுதான் இன்றைய வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி. அந்தக் கதை தெரிந்த ஊரில் திரை ஒழுங்காக இல்லை என்றால் எனக்குக் கோபம் வருவது நியாயம்தானே.

சரி, உள்ளே என்ன நடக்கும்?

ரெக்சின் மெத்தை போட்ட மேசை, கால் வைக்க இரண்டு பக்கமும் தாங்கி. படுப்பதற்கு முன்னால் நர்ஸ் கருவியைக் கையில் காட்டினாள். வாத்தின் அலகு போல இருக்கும் அதற்கு ஸ்பெகுலம் என்று பெயர். உறையைக் கண் முன்னால்தான் பிரித்தாள், கையுறையும் புதிது. "இப்ப சில்லுன்னு இருக்கும். மூச்ச இழுத்து மெதுவா விடுங்கக்கா. எந்த எடத்துல வேணாம்னு தோணுதோ நிறுத்துன்னு சொல்லுங்க, நிறுத்திடுவேன்." இந்தக் கடைசி வரியை இதுவரை எந்த ஆஸ்பத்திரியிலும் எனக்கு யாரும் சொன்னதில்லை. இரண்டு பிரசவம் பார்த்த உடம்பு இது.

கர்ப்பப்பையின் வாய் தெரிகிற மாதிரி கருவியை வைத்துவிட்டு, பஞ்சில் நனைத்த திரவத்தைத் தடவுகிறார்கள். 3 முதல் 5 சதவீதம் உள்ள அசிட்டிக் அமிலம், அதாவது வினிகர். வாடை அறை முழுக்க இருந்தது. எனக்கு முன்னால் போன அக்கா, "இன்னாம்மா, நூடுல்ஸ்ல ஊத்துறதையா இங்க ஊத்துற?" என்று கேட்க, நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் அதுவேதான், ஆனால் அளந்து கலந்தது என்றாள். தடவிவிட்டு ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். சாதாரணமான இடம் இளஞ்சிவப்பாகவே இருக்கும். செல்களில் மாற்றம் தொடங்கிய இடம் வெள்ளையாகத் திட்டுப் போடும். பிறகு டாக்டர் விளக்கை வைத்துப் பார்த்துச் சொல்கிறார், அவ்வளவுதான். வலி என்று சொல்ல முடியாது, அழுத்தம் தெரியும், லேசாக எரியும். நடுவில் கரண்ட் போனது. ஃபேன் நின்றது, விளக்கு நிற்கவில்லை, அது சார்ஜில் ஓடுவது. நல்ல வெளிச்சம் இல்லாமல் பார்த்தால் இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை என்பதால் இதற்குத் தனியாக மதிப்பெண் போடுகிறேன்.

எனக்கு "நார்மல்". அங்கேயே சொன்னார்கள், தமிழில் சொன்னார்கள். இதற்கு ஏன் இவ்வளவு மகிழ்ச்சி என்றால், சில வருஷம் முன்பு ஒரு தனியார் கிளினிக்கில் பாப் ஸ்மியர் எடுத்தேன், கர்ப்பப்பை வாயில் இருந்து செல்களை எடுத்துப் பார்க்கிற சோதனை அது. ரிப்போர்ட் ஆங்கிலத்தில் வந்தது, "இன்ஃப்ளமேட்டரி ஸ்மியர்" என்று. அது என்ன என்று கேட்டதற்கு கவுன்ட்டரில் இருந்த ஆள் "டாக்டர் அடுத்த வாரம்தான் வருவாங்க, ஆயின்மென்ட் போடுங்க" என்றான். அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை, வீட்டில் இருந்த நகையைக்கூட மனசுக்குள் எடை போட்டுவிட்டேன். அழற்சி இருக்கிறது என்பதுதான் அதன் பொருள், புற்றுநோய் என்று இல்லை. ஒரு வரி விளக்கம் சொல்லியிருந்தால் போதும். காசு வாங்கிக்கொண்டு அதைச் சொல்லவில்லை, காசு வாங்காத இடத்தில் சொன்னார்கள்.

என் மாமியாரையும் அழைத்துப் போயிருந்தேன். ஐம்பதைத் தாண்டியவர், மாதவிலக்கு நின்றுவிட்டது. அந்த வயதில் மாற்றம் வரக்கூடிய பகுதி உள்ளே ஏறிவிடுமாம், வினிகர் தடவினாலும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அதனால் அவருக்கு ஹெச்.பி.வி. சோதனை. ஹெச்.பி.வி. என்பது தாம்பத்தியத்தின் வழியாகப் பரவும் ஒரு வைரஸ், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் காரணம் அதுதான். இதைக் கண்டுபிடித்துச் சொன்ன ஹரால்ட் சுர் ஹௌசன் என்ற ஜெர்மனிக்காரருக்கு 2008-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அதில் பல வகை, 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே நூற்றுக்கு எழுபது புற்றுநோய்களுக்குக் காரணம். இந்தச் சோதனைக்கு மேசையில் படுக்க வேண்டியதே இல்லை. ஒரு மெல்லிய பிரஷைக் கொடுத்து, படம் போட்ட அட்டையைக் காட்டி, பாத்ரூமில் போய் நீங்களே எடுத்து வாருங்கள் என்றார்கள். அப்படித் தானே எடுத்துக் கொடுப்பதை உலக சுகாதார நிறுவனமே 2021-இல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அத்தை போனார், வந்தார், டப்பாவை நீட்டினார். "இதுக்கா நேத்துல இருந்து என்னை பயமுறுத்தின?" என்று திட்டு எனக்கு.

அடுத்த அறையில்தான் கூட்டம் அதிகம். வெள்ளைப்படுதல், அரிப்பு, எரிச்சல். உண்மையைச் சொன்னால் பாதிப் பெண்கள் இதற்காகத்தான் வந்தார்கள், புற்றுநோய் பரிசோதனை அதோடு சேர்ந்து நடந்தது. எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் "சூடு" என்று ஒரு பதில் உண்டு. வெந்தயம் ஊறவைத்துக் குடி, இளநீர் குடி, எண்ணெய் வை. டாக்டர் அதைக் கிண்டல் செய்யவில்லை. இளநீர் நல்லதுதான், குடியுங்கள் என்றுவிட்டு, அப்புறம் பிரித்துச் சொன்னார். மாதத்தின் நடுவில் தெளிவாகப் போவது இயல்பு. திப்பி திப்பியாக, அரிப்போடு வந்தால் பூஞ்சை. சாம்பல் நிறத்தில் மீன் வாடையோடு வந்தால் அங்கே இருக்க வேண்டிய நல்ல பாக்டீரியா குறைந்திருக்கிறது என்று பொருள், அதற்காக சோப்பு, டெட்டால் போட்டு உள்ளே கழுவினால் இன்னும் மோசமாகும். பச்சையாக, நுரைத்து வந்தால் டிரைக்கோமோனாஸ் என்ற கிருமி, அது கணவரிடமும் இருக்கலாம்.

அரசு ஆஸ்பத்திரியின் சுகவாழ்வு மையத்தில் இந்தத் தொற்றுகளுக்கு நிற வாரியாக மருந்துப் பொட்டலம் இருக்கிறது. வெள்ளைப்படுதலுக்குப் பச்சைப் பொட்டலம், உள்ளே செக்னிடசோல், ஃபுளுகோனசோல் மாத்திரைகள், ஒரே வேளையில் முடிந்துவிடும். அடிவயிற்று வலியோடு இருந்தால் மஞ்சள் பொட்டலம், அதற்குப் பல நாள் சாப்பிட வேண்டும். டிரைக்கோமோனாஸ் இருந்தால் கணவரும் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் அறை அமைதியாகிவிட்டது. கடைசியில் ஒரு அம்மா, "அந்த ஆளு எனக்கு எதுக்குன்னு கேப்பாரு, நான் காபியில போட்டுத் தந்துடவா?" என்றார். வேண்டாம், ஏற்கெனவே என்ன மருந்து எடுக்கிறார், குடிப்பாரா என்று தெரியாமல் தரக் கூடாது, நர்சம்மா வந்து பேசுவார் என்றார்கள். பேசினாரா என்று எனக்குத் தெரியாது. பேசக்கூடியவர்தான் அவர்.

இன்னொரு கேள்வியும் வந்தது. வெள்ளைப்படுது என்பதற்காகக் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்ததே என்று. எங்கள் தெருவிலேயே முப்பத்தைந்து வயதில் எடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். டாக்டர் கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வெள்ளைப்படுதலுக்கு அது வைத்தியம் கிடையாது, மாத்திரையில் போவதற்கு உறுப்பை எடுக்கச் சொன்னால் வேறு ஒரு டாக்டரிடமும் கேளுங்கள் என்றார். அன்றைக்குக் கேட்டதிலேயே முக்கியமான வார்த்தை இதுதான் என்பது என் கருத்து.

ஹெச்.ஐ.வி. சோதனையும் ஆலோசனையும் தருகிற நம்பிக்கை மையத்தின் ஆலோசகர் ஒருவரும் ஓரமாக மேசை போட்டிருந்தார். ஹெச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வரும் ஆபத்து ஆறு மடங்கு, அதனால் அவர்கள் 25 வயதிலேயே பரிசோதனையைத் தொடங்க வேண்டும். அந்த மேசைக்குத் தனியாக யாரும் போகவில்லை. ரத்தம் கொடுக்கிற எல்லாரையும் அந்த வழியாகவே அனுப்பியிருந்தால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. இந்தியாவில் ஹெச்.ஐ.வி. இருப்பதே 1986-இல் வெளியே வந்தது சென்னையும் வேலூரும் சேர்ந்து செய்த வேலையால்தான். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சென்னையில் சேர்த்த ரத்த மாதிரிகளை சி.எம்.சி.யில்தான் சோதித்தார்கள். ஒரு இடத்தில் இல்லாத வசதி இன்னொரு இடத்தில் இருக்கும், இரண்டும் சேர்ந்தால் வேலை நடக்கும்.

இந்த முகாமிலும் அப்படி நடந்த ஒன்றை அருகில் இருந்து பார்த்தேன். எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி, லுங்கி நெசவுக்குப் பாவு ஓட்டுகிறவள். அவளுக்கு வெள்ளைத் திட்டு தெரிந்தது. முகம் வெளுத்துப்போய் வெளியே வந்தாள். இது புற்றுநோய் இல்லை, அப்படியே விட்டால் சிலருக்கு மட்டும், அதுவும் 15, 20 வருஷத்தில் ஆகக்கூடியது, இப்போதே எடுத்துவிட்டால் முடிந்தது என்று ஆலோசகப் பெண் உட்காரவைத்துச் சொன்னாள். வேனில் வந்த குழுவிடம் தெர்மல் அப்ளேஷன் கருவி இருந்தது. கையடக்கமானது, முனை 100 டிகிரி சூடாகும், திட்டு உள்ள இடத்தில் முப்பது வினாடி போல வைத்து எடுக்கிறார்கள். கர்ப்பப்பை வாயில் வலி உணர்கிற நரம்புகள் குறைவு என்பதால் மயக்க ஊசி இல்லாமலே செய்யலாம். மாதவிலக்கு வலியைப் போலக் கொஞ்சம் இருந்தது என்றாள். சில வாரம் நீர் போகும், ஒரு மாதம் தாம்பத்தியம் வேண்டாம், ஒரு வருஷம் கழித்துத் திரும்ப வந்து காட்ட வேண்டும்.

ஆனால் உடனே நடக்கவில்லை. "வீட்டுக்காரரைக் கேக்கணும்" என்றாள். போன் போட்டால் எடுக்கவில்லை, தறியில் இருந்தால் சத்தத்தில் கேட்காது. நாளைக்கு வேலூருக்கு வா என்று அனுப்பியிருந்தால் அவள் போயிருக்க மாட்டாள், ஒரு நாள் கூலியும் பஸ் காசும் யார் தருவது? எங்கள் குழுத் தலைவி அக்கா வண்டியை எடுத்துக்கொண்டு நேராகத் தறிக்கொட்டகைக்கே போய் அந்தத் தம்பியைப் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுவந்து நிறுத்தினார். டாக்டர் அவனிடம் படம் வரைந்து விளக்கினார். தலையைச் சொறிந்தான், "அவளுக்கு எது நல்லதோ செய்யுங்க மேடம்" என்றான். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிட்டது. கருவி மருத்துவமனையுடையது, பட்டியல் நர்சம்மாவுடையது, வண்டி எங்கள் அக்காவுடையது.

இனி அந்த ஒரு மதிப்பெண் விஷயம். ஹெச்.பி.வி. முடிவு உடனே வராது, போனில் அனுப்புவோம் என்றார்கள். பதிவு மேசையில் யாருடைய நம்பரைக் கொடுத்தோம்? பெரும்பாலும் கணவன் நம்பர், இல்லை மகன் நம்பர். எங்கள் பக்கம் வயதான பெண்கள் பலருக்குச் சொந்தமாகப் போன் இல்லை. எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கு வைரஸ் இருக்கிறது, மேல் பரிசோதனைக்கு வரவும் என்ற செய்தி ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிற மகனுக்குப் போயிருக்கிறது, அதுவும் ஆங்கிலத்தில். லோன் விளம்பரம் என்று நினைத்து அழித்துவிட்டான். வாரங்கள் ஓடின. மருத்துவமனை, செய்தி அனுப்பிவிட்டோம் என்றது. சுகாதார நிலையம், எங்களுக்குப் பட்டியலே வரவில்லை என்றது. கடைசியில் நர்சம்மா தானே கேட்டு வாங்கிய பட்டியலோடு வீட்டு வாசலில் வந்து நின்றார். கூடவே பஸ் ஏறிப் பெரியம்மாவை அழைத்துப் போனார். கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கால்போஸ்கோப்பில் பார்த்து, சின்ன மாற்றம் என்று அங்கேயே சரிசெய்து அனுப்பினார்கள்.

அந்தம்மா தன் கைக்காசில் பஸ் ஏறியதால் நல்லபடி முடிந்தது. அவர் இல்லாத ஊரில்? பத்துக் கோடி ரூபாய் இயந்திரம் வைத்திருந்தாலும் ஒரு பட்டியலை இரண்டு அலுவலகம் பகிர்ந்துகொள்ளாவிட்டால் அத்தனையும் வீண். மருத்துவமனை, சுகாதார நிலையம், குழு மூன்றிடமும் ஒரே பட்டியல் இருக்க வேண்டும். செய்தி தமிழில், "உங்கள் கிராம நர்சைப் பாருங்கள்" என்ற ஒரே வரியில் போக வேண்டும். நோயின் பெயரை மகன் போனுக்கு அனுப்பக் கூடாது. இதை எழுதியே கொடுத்திருக்கிறேன்.

டாக்டர் ஒருவரே எல்லாவற்றையும் பார்த்தால் இந்தக் குழப்பம் வராதே என்று சிலர் கேட்டார்கள். அத்தனை டாக்டர்களுக்கு எங்கே போவது? திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் தொடங்கி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அம்பிளிக்கையில் உள்ள ஒரு சமுதாய மருத்துவ மையமும் பிரான்சில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து, பயிற்சி பெற்ற நர்சுகளை வைத்தே இதே வினிகர் சோதனையைச் செய்தார்கள். பரிசோதனைக்கு எடுத்த பகுதிகளில் வசித்த பெண்களிடையே, மற்ற பகுதிகளைவிட இந்தப் புற்றுநோயால் சாவது 35 சதவீதம் குறைந்தது. 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. நம் நர்சுகள் செய்து காட்டியதை உலகம் படித்தது.

அப்படியும் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒரு தடவையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நாட்டில் 1.9 சதவீதம், தமிழ்நாட்டில் 9.8. பத்தில் ஒருத்திகூட இல்லை. 35 வயதுக்குள் ஒரு தடவை, 45-க்குள் இன்னொரு தடவை என்று 70 சதவீதப் பெண்களுக்கு 2030-க்குள் பரிசோதனை நடக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. 2023 நவம்பரில் தமிழக அரசு வீடு தேடி அழைப்பிதழ் கொடுத்துப் புற்றுநோய் பரிசோதனைக்கு அழைக்கும் திட்டத்தை நாலு மாவட்டங்களில் தொடங்கியபோது ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் அதில் இருந்தன. பழைய வேலூர் மாவட்டத்தின் இரண்டு கைகளுக்கும் கிடைத்தது, நடுவில் இருந்த நமக்கு இல்லை என்று அப்போது எனக்கு வருத்தம்தான்.

ஹெச்.பி.வி. தடுப்பூசி மேசை சும்மா பேருக்கு இருந்தது. ஊசி போடவில்லை, துண்டுச்சீட்டு மட்டும். 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி என்று அதில் இருந்தது. புனேயில் சீரம் நிறுவனம் தயாரிக்கும் செர்வாவாக் 2023 ஜனவரியில் வந்தது, வெளிநாட்டு ஊசியைவிட விலை குறைவு என்றாலும் எங்களுக்கு அதுவும் அதிகம். 14 வயதுப் பிள்ளைகளுக்குப் படிப்படியாக இலவசமாகப் போடுவோம் என்று 2025 தமிழக பட்ஜெட்டில் 36 கோடி ஒதுக்கினார்கள். "இத போட்டா புள்ள பெத்துக்க முடியாதாமே?" என்று ஒரு ஆயா கேட்டார். மேசையில் இருந்த பையன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் இல்லை என்றான். அந்தப் பயத்துக்கு ஒற்றை வார்த்தை போதாது. குழந்தைப்பேற்றுக்கும் இந்த ஊசிக்கும் சம்பந்தம் இல்லை, வைரஸ் உடம்புக்குள் வருவதற்கு முன்னாலேயே போட வேண்டும் என்பதால்தான் சின்ன வயதில் போடுகிறார்கள், ஊசி போட்டவளும் முப்பதுக்கு மேல் பரிசோதனைக்கு வர வேண்டும் என்று நானே எங்கள் தெருவில் நாலு பேருக்குச் சொல்லிவிட்டேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். மாதவிலக்கு நாளில் போக வேண்டாம். முந்தின இரண்டு நாள் தாம்பத்தியமும் உள்ளே வைக்கிற மருந்தும் வேண்டாம். சுடிதாரைவிடப் புடவையோ பாவாடையோ வசதி. சிறுநீர் கழித்துவிட்டு உள்ளே போங்கள். காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள், ஒருவேளை பெரிய வைத்தியம் தேவைப்பட்டால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை இருக்கிறது. பதிவு மேசையில் உங்கள் சொந்த நம்பரைக் கொடுங்கள், இல்லையென்றால் நம்பிக்கையான தோழி நம்பரை. முடிவு எந்தத் தேதியில் வரும், வரவில்லை என்றால் யாரைக் கேட்பது என்று அங்கேயே கேட்டு, சீட்டின் பின்னால் அவர்களையே எழுதித் தரச் சொல்லுங்கள்.